விருந்தினர் கட்டுரை கேட்டு மின்னஞ்சல் வந்தால்: புதிய வலைப்பதிவருக்கு முழுமையான வழிகாட்டி

வலைப்பூ தொடங்கி இருபது முப்பது பதிவுகள் ஏறியதும், யாரென்றே தெரியாத ஒருவரிடமிருந்து அந்த மின்னஞ்சல் வரும். உங்கள் எழுத்தைப் பாராட்டியிருப்பார். உங்கள் வலைப்பூவுக்கு ஒரு கட்டுரை எழுதித் தருகிறேன், காசு எதுவும் வேண்டாம் என்பார். சிலர் தாங்களே காசு தருவதாகவும் சொல்வார்கள்.

நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பனையைப் பற்றி எழுதி வருகிறேன். அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் புதிதாக எழுத வந்தவர்கள் இப்படி வரும் மடல்களை என்னிடம் காட்டி என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பாராட்டை முதலில் படிக்கிறார்கள். பிறகு கட்டுரையைப் படிக்கிறார்கள். கட்டுரைக்குள் இருக்கும், வேறு தளத்துக்குப் போகும் இணைப்பைக் கடைசியில் பார்க்கிறார்கள், பல நேரம் வெளியிட்ட பிறகு. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். இணைப்பு முதலில், ஆள் அடுத்து, கட்டுரை கடைசியில். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

1. முதல் மடல் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

வலைப்பூவில் ஒரு தனிப் பக்கம் திறந்து, பிறர் எழுத்தை ஏற்பீர்களா, ஏற்றால் என்ன நிபந்தனை என்று எழுதி வையுங்கள். எட்டுப் பத்து வரி போதும். நம் பக்கத்தில் யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. மின்னஞ்சலிலும் அதே கூச்சம் வந்து நிற்கும். எழுதி வைத்த விதி இருந்தால், ஆளை மறுக்க வேண்டியதில்லை, விதியைக் காட்டிவிடலாம்.

என் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: கட்டுரை தமிழில் இருக்க வேண்டும். வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. பனை, தேரிக்காடு (செம்மணல் மேடுகள்), தாமிரபரணிக் கரை இவற்றில் ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். எழுதியவர் நேரில் கண்டதோ செய்ததோ அதில் இருக்க வேண்டும். வணிகத் தளங்களுக்கு இணைப்பு கிடையாது. திருத்தும் உரிமையும் நீக்கும் உரிமையும் எனக்கு உண்டு.

அடுத்து, வலைப்பூவுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைந்த முகவரியைத் தொடர்புப் பக்கத்தில் போடாதீர்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் முகவரியை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை. முகவரி திரட்டும் நிரல்களும் வந்து எடுத்துப் போகின்றன.

மூன்றாவதாக, கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவைப் பதிவு செய்யுங்கள். இலவசம்தான். உங்கள் தளத்தின்மேல் கூகுள் ஏதாவது நடவடிக்கை எடுத்தால் அறிவிப்பு அங்கேதான் வரும். பதிவு செய்யாதவருக்கு வாசகர் வரத்து ஏன் குறைந்தது என்றே புரியாது.

கடைசியாக, பணம் வாங்குவீர்களா மாட்டீர்களா என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மடலில் தொகையைப் பார்த்த பிறகு எடுக்கிற முடிவு பெரும்பாலும் அந்தத் தொகை எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

2. மடல் வந்த அன்றே பதில் எழுதாதீர்கள்

இவற்றில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் பல தளங்களுக்குப் போகிற மொத்த மடல்கள். பதில் எழுதினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று உறுதி செய்து கொடுத்ததாகிவிடும். ஒன்றிரண்டு நாள் போட்டு வையுங்கள். என் மடலைப் பார்த்தீர்களா என்று நினைவூட்டல் வரும், இன்னொன்றும் வரலாம். அதைக் கண்டு குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்; நினைவூட்டலையும் மென்பொருள்தான் அனுப்புகிறது.

மடலின் அடியில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்று ஓர் இணைப்பு இருந்தால் அதைத் தொடாமல், மின்னஞ்சல் பெட்டியிலேயே ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர் வைத்த இணைப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்று யாருக்கும் தெரியாது.

3. இணைப்பைத் தேடுங்கள்

ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால், தேடுபொறி அதை ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்கிறது. முன்பின் தெரியாதவர் உங்களிடம் கேட்பது பெரும்பாலும் அந்தப் பரிந்துரையைத்தான். கட்டுரை அதைச் சுற்றிக் கட்டிய பொட்டலம். பொட்டலத்தை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

மடலில் 'டூஃபாலோ இணைப்பு' (தேடுபொறி பரிந்துரையாக எடுத்துக்கொள்ளும் இணைப்பு) என்ற சொல் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. உங்கள் தளத்தின் 'டி.ஏ.' மதிப்பைப் புகழ்ந்திருந்தாலும் அப்படித்தான். டி.ஏ. என்பது மோஸ் என்ற நிறுவனம் ஒன்று முதல் நூறு வரை போடும் மதிப்பெண். கூகுள் தன் வரிசைப்படுத்தலுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. வாசகர் எவரும் ஒரு வலைப்பூவை அந்த எண்ணைப் பார்த்து விரும்புவதில்லை. அதைப் பேசுகிறவர் இணைப்பு வாங்க வந்தவர்.

இணைப்பு கிடைத்ததும் நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

முதல் சோதனை, காட்டும் முகவரியும் போகும் முகவரியும் ஒன்றா என்பது. கணினியில் சுட்டியை இணைப்பின்மேல் வைத்தால் உண்மையான முகவரி திரையின் அடியில் தெரியும். கைப்பேசியில் அழுத்திப் பிடித்தால் தெரியும். எழுத்தில் ஒரு தளமும் அடியில் வேறு தளமும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, அந்தத் தளத்தின் முகப்பைப் பாருங்கள். சமையலும் கடனும் கிரிப்டோவும் வீட்டு மனையும் நாய் வளர்ப்பும் ஒரே தளத்தில் கிடந்தால், அது வாசகருக்காக நடத்தும் தளம் அல்ல.

மூன்றாவது, கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை முக்காற்புள்ளியோடு தட்டி, இடைவெளி விடாமல் அந்தத் தளத்தின் முகவரியையும், அதையடுத்துச் சூதாட்டம் குறித்த சொல் ஒன்றையும் கொடுத்துத் தேடுங்கள். முகப்பில் மறைத்ததெல்லாம் உள்பக்கங்களில் வெளிவரும்.

நான்காவது, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரி முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். காலாவதியான முகவரிகளை விலைக்கு வாங்கி, பழைய பள்ளி அல்லது அறக்கட்டளையின் பெயரில் புதிய வியாபாரம் நடத்துவது ஒரு தொழிலாகவே இருக்கிறது. இப்படிப் பழைய முகவரிகளை வாங்கித் தேடுபொறியை ஏமாற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் தனியாகச் சேர்த்தது.

இந்த நான்கும் சேர்ந்து பத்து நிமிடம் ஆகாது. பத்தில் எட்டு மடல்கள் என் கையில் இந்த இடத்தைத் தாண்டியதில்லை.

சில துறைகளுக்கு இணைப்பு என்றால் சோதனையே வேண்டாம், நேராக மறுத்துவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் முதலில் வரும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்தே தடை செய்கிறது. உடனடிக் கடன் செயலிகள், மாணவர்களுக்குக் கட்டுரை எழுதித் தரும் சேவைகள், நோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் மருந்துகள் இவையும் வேண்டாம். கருப்பட்டியைப் பற்றி எழுதுகிற எனக்குச் 'சர்க்கரை நோயை விரட்டும் கருப்பட்டி' என்ற தலைப்பில் கட்டுரை தருவதாக அடிக்கடி மடல் வருகிறது. உள்ளே ஏதோ ஒரு மாத்திரைக்கு இணைப்பு இருக்கும். 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவம் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதைப் படித்துவிட்டு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துகிற ஒரு பெரியவர் நம் ஊரில்தான் இருப்பார்.

4. இப்போது மடலைப் படியுங்கள்

இணைப்பு தேறிய பிறகுதான் பாராட்டைப் படிக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து சமையல் வலைப்பூ எழுதும் ஒரு தங்கைக்கு வந்த மடலை இங்கே பிரித்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் வந்தது, சாரம் இதுதான்: 'அன்புள்ள நிர்வாகிக்கு, உங்கள் தளத்தை நீண்ட நாளாக வாசிக்கிறேன். குறிப்பாக "சொதி: மறுவீட்டுச் சாப்பாடு" என்ற கட்டுரை மிக ஆழமானது. உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும்படி, சமையலறை, உடல்நலம், நிதித் திட்டமிடல் ஆகிய தலைப்புகளில் தனித்துவமான கட்டுரை தரத் தயாராக இருக்கிறேன்.'

'நிர்வாகிக்கு' என்கிறார். அந்தத் தங்கையின் பெயர் ஒவ்வொரு பதிவின் அடியிலும் இருக்கிறது. நீண்ட நாள் வாசகருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையின் தலைப்பை மட்டும் தமிழ் எழுத்தில் அப்படியே ஒட்டியிருக்கிறார், உள்ளே இருந்து ஒரு சொல்லும் இல்லை. சொதி எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. அந்தத் தேங்காய்ப்பாலைப் பற்றியோ கூட வைக்கும் இஞ்சிப் பச்சடியைப் பற்றியோ ஒரு வரி எழுதியிருந்தால் படித்தவர் என்று நம்பலாம். சொதிக்கும் நிதித் திட்டமிடலுக்கும் என்ன உறவு என்று அவரும் யோசிக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மடலை மூடிவிடலாம்.

படித்துவிட்டு எழுதுகிறவரின் மடல் வேறு மாதிரி இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரு திருத்தமோ ஒரு மறுப்போ இருக்கும். 'நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள், எங்கள் ஊரில் வேறு மாதிரி செய்வோம்' என்று தொடங்கும். எனக்கு வந்த மிக நல்ல விருந்தினர் கட்டுரை அப்படித்தான் தொடங்கியது. பாளை (பனையின் பூங்கொத்து) சீவும் முறையை நான் தவறாக விளக்கியிருந்ததைச் சுட்டிக்காட்டி, திசையன்விளைப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மகன் எழுதிய மடல் அது. பாராட்டுச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

5. ஆள் யார் என்று பாருங்கள்

அனுப்பியவரின் பெயரைத் தேடுங்கள். அந்தப் பெயரில் இதற்கு முன் எழுதிய கட்டுரை இரண்டாவது கிடைக்க வேண்டும். படம் வைத்திருந்தால் கூகுள் லென்ஸில் கொடுத்துப் பாருங்கள். ஒரே முகம் நான்கு பெயர்களில் வருவது உண்டு.

கணினியில் திறந்த ஜிமெயிலில் மடலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால், மூல வடிவத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. மடல் சொல்லும் முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு அங்கே தெரியும். ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வந்த மடல் இவற்றில் தோற்றிருந்தால், அந்த நிறுவனம் அனுப்பவில்லை என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. அனுப்புநர் முகவரி ஒன்றும் பதில் போகும் முகவரி வேறொன்றுமாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இணையத்தில் எந்தத் தடமும் இல்லாதவரெல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. பத்தமடையில் பாய் நெய்கிறவருக்கோ கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவருக்கோ வலைத்தளம் இருக்காது. அவர்களுக்கான சோதனை தொலைபேசிதான். ஐந்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். செய்கிறவர் பதிலை நிறுத்த மாட்டார்.

6. பதில் எழுதும் முறை

மூன்று வகைப் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

மொத்த மடலுக்குப் பதில் இல்லை. இது மரியாதைக் குறைவு ஆகாது.

சந்தேகமாக இருப்பவருக்கு, மடல் ஆங்கிலத்தில் வந்திருந்தாலும், தமிழில் பதில் எழுதுங்கள்: 'வணக்கம். எங்கள் வலைப்பூவில் வெளியான கட்டுரைகளில் நீங்கள் வாசித்த ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் எதைச் சேர்க்க விரும்புகிறீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். வணிக இணைப்புகளை நாங்கள் ஏற்பதில்லை. விதிகள் தனிப் பக்கத்தில் இருக்கின்றன.' இதற்குப் பிறகு மறுமடல் வருவது அரிது. வந்தால் அதை மதித்துப் படியுங்கள்.

மறுக்க வேண்டியவர் தெரிந்தவராகவோ உண்மையான எழுத்தாளராகவோ இருந்தால், காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். 'இப்போதைக்கு இடமில்லை, பிறகு பார்க்கலாம்' என்று மழுப்பாதீர்கள். அடுத்த மாதம் அவர் மறுபடி கேட்பார். நீங்கள் மறுபடி மழுப்புவீர்கள். அண்ணாச்சி, அக்கா என்று உறவு வைத்துப் பழகியவரிடம் இது கடினம்தான், எனக்கும் கடினம். 'அண்ணாச்சி, இது என் வலைப்பூவின் பொருளுக்குள் வரவில்லை. பனையை ஒட்டி எழுதித் தந்தால் கட்டாயம் போடுகிறேன்' என்று எழுதினால் உறவு கெடாது.

7. கட்டுரையை எப்படி வாங்குவது

வலைப்பூவுக்குள் யாரையும் விடாதீர்கள். 'என்னை ஆசிரியராகச் சேர்த்துவிடுங்கள், நானே ஏற்றிவிடுகிறேன்' என்று கேட்பார்கள். பிளாகரில் ஒருவரை ஆசிரியராகச் சேர்த்தால், உங்களைக் கேட்காமலே அவர் பதிவை வெளியிட முடியும். வேர்ட்பிரஸில் எழுத மட்டும் முடிந்து வெளியிட முடியாத 'கான்ட்ரிபியூட்டர்' என்ற நிலை இருக்கிறது. நீண்ட நாள் பழகியவருக்கு அதைக் கொடுக்கலாம், முதல் கட்டுரைக்கு அதுவும் தேவையில்லை.

கட்டுரை மடலோடு சேர்த்த கோப்பாக வந்தால் தரவிறக்காதீர்கள், குறிப்பாக மேக்ரோவை (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல்) இயக்கச் சொல்லும் வேர்ட் கோப்புகளை. மடலின் உடலிலேயே கட்டுரையை ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டாக்ஸில் பகிரச் சொல்லுங்கள்.

வந்த கட்டுரையை நேரடியாக வலைப்பூவில் ஒட்டக் கூடாது. வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். இதற்குக் காரணம் இருக்கிறது. முற்றுப்புள்ளி ஒன்றில்கூட இணைப்பை ஒளித்து வைக்க முடியும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் வைக்கலாம். வெறும் எழுத்தாக ஒட்டும்போது எல்லா இணைப்புகளும் உதிர்ந்துவிடும். தேவையானதை நீங்களே கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதியவரிடமிருந்து ஒரு மடல் கட்டாயம் வாங்குங்கள்: கட்டுரை அவருடையது, வேறெங்கும் வெளிவரவில்லை, படங்கள் அவர் எடுத்தவை, திருத்தவும் நீக்கவும் உங்களுக்குச் சம்மதம் தருகிறார். பின்னால் பதிப்புரிமைச் சிக்கல் வந்தால் கையில் இருப்பது இந்த மடல் ஒன்றுதான்.

8. கட்டுரையைச் சோதித்தல்

இப்போதுதான் கட்டுரைக்கு வருகிறோம். முதலில், நடுவிலிருந்து சற்றே தனித்தன்மையுள்ள ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். மூன்று இடங்களிலிருந்து மூன்று வாக்கியங்கள். திருடியவர்கள் தொடக்கப் பத்தியை மட்டும் மாற்றுவார்கள். நடுப்பகுதி அப்படியே இருக்கும்.

தமிழில் இன்று பெரிய தொல்லை எந்திர மொழிபெயர்ப்பு. ஒருமுறை பனங்கருப்பட்டியைப் பற்றி எனக்கு வந்த கட்டுரையில் மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வரி இருந்தது: 'உள்ளங்கை மரங்கள் வறட்சியைத் தாங்குகின்றன.' ஒரு நிமிடம் எனக்கே விளங்கவில்லை. ஆங்கிலத்தில் பனைக்கும் உள்ளங்கைக்கும் ஒரே சொல். அதற்குப் பிறகு கட்டுரையை மேலும் கீழும் படித்தபோது, எந்த இடத்திலும் கலயம் இல்லை, பாளை இல்லை, சுண்ணாம்பு இல்லை. பதநீரை மரத்தின் 'தண்டைக் கீறி' எடுப்பதாக எழுதியிருந்தது. ரப்பர் மரத்தைப் பற்றிய தகவலை யாரோ பனையில் ஏற்றிவிட்டார்கள். பனையில் பாளையை நசுக்கிப் பக்குவம் செய்து, நுனியைச் சீவிச் சீவித்தான் பதநீர் இறக்குகிறோம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். இது தெரியாதவர் கருப்பட்டியைப் பற்றி எழுத முடியாது.

உங்கள் பொருளிலும் இப்படி மூன்று கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள். செய்து பார்த்தவர் மட்டுமே சரியாகச் சொல்லக்கூடியவையாக அவை இருக்கட்டும். சமையல் எழுதும் அந்தத் தங்கை சொதியைப் பற்றி வரும் கட்டுரையில் புளி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறாள். இருந்தால் மேலே படிப்பதில்லை. சொதிக்குப் புளிப்பு கடைசியில் பிழியும் எலுமிச்சையிலிருந்து வருவது. கூந்தன்குளம் பறவைகளைப் பற்றி எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வரித்தலை வாத்து எந்தப் பருவத்தில் வருகிறது என்று பார்க்கிறார். அது குளிர்கால விருந்தாளி. ஆனி மாதத்தில் கூட்டமாகக் கண்டதாக எழுதியிருந்தால், எழுதியவர் அந்தக் குளத்துக்கு வந்ததே இல்லை.

மொழியைத் திருத்தலாம், தகவலைச் சரிபார்க்கலாம். எழுதியவர் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்றால் அதைத் திருத்தி எடுக்க முடியாது. புதியவர்கள் பலர் நல்ல மனதோடு இத்தகைய கட்டுரையைச் சீர்செய்ய உட்கார்ந்து இரண்டு நாளைத் தொலைக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் நீங்களே ஒரு பதிவு எழுதிவிடலாம்.

9. இணைப்புக்கு என்ன குறி இடுவது

கட்டுரையாளரின் சொந்த வலைப்பூவுக்கு ஓர் இணைப்புக் கொடுப்பது நியாயம்தான். கட்டுரையின் அடியில், அவரைப் பற்றிய இரண்டு வரியில் கொடுங்கள். கட்டுரையின் நடுவில், 'மலிவு விலை மெத்தை' போன்ற விற்பனைச் சொற்களின்மேல் இணைப்பு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிற தளங்களில் பரப்பப்படும் விருந்தினர் கட்டுரைகளில், தேடுசொற்களை ஏற்றி வைக்கும் இணைப்புகளைக் கூகுளின் ஸ்பேம் விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

உங்களுக்கு முழு நம்பிக்கை இல்லாத இணைப்புக்கு 'நோஃபாலோ' குறி இடுங்கள். இது என் பரிந்துரை அன்று என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி இது. 2005 முதல் இருக்கிறது. பிளாகரில் இணைப்புச் சேர்க்கும் பெட்டியிலேயே இதற்குக் கட்டம் உண்டு. பணமோ பொருளோ கைமாறியிருந்தால் 2019 இல் வந்த 'ஸ்பான்சர்ட்' குறி பொருத்தமானது, அதை எச்.டி.எம்.எல். பார்வையில் இணைப்பின் 'ரெல்' பண்பில் எழுத வேண்டும். வாசகர் இதனால் எந்த வேறுபாட்டையும் உணர மாட்டார். இணைப்பு வழக்கம்போல் திறக்கும். அதனால்தான் இது நல்ல சோதனையும் ஆகிறது. 'நோஃபாலோ போடுவேன்' என்று சொல்லிப் பாருங்கள். எழுத வந்தவர் சரி என்பார். இணைப்பு வாங்க வந்தவர் அத்தோடு மறைந்துவிடுவார்.

10. பணம் தருகிறேன் என்றால்

பணம் வாங்குவது குற்றமில்லை. வாங்கியதை மறைப்பதுதான் தவறு. வாங்கினால் கட்டுரையின் தலைப்புக்கு அருகிலேயே 'விளம்பரக் கட்டுரை' என்று தமிழில் போடுங்கள், அடியில் சிறிய எழுத்தில் வேண்டாம். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும், பொருளாதார ஆதாயம் பெற்றுப் பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

'பணம் தருகிறோம், ஆனால் விளம்பரம் என்று போடக் கூடாது, நோஃபாலோவும் கூடாது' என்று வந்தால் அது பேரத்துக்குரிய நிபந்தனை அன்று. உங்கள் வாசகரிடம் பொய் சொல்வதற்கான கூலி அது. அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு பணம் என்ற ஏற்பாட்டை ஏற்காதீர்கள், பலருக்கு அது வந்து சேர்ந்ததில்லை. பேசியதைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வது பழைய மோசடி. ஓ.டி.பி. கேட்டால், யு.பி.ஐ. கோரிக்கையை ஏற்கச் சொன்னால், உடனே துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு எங்கும் பின் எண் இட வேண்டியதில்லை.

11. வெளியிட்ட பிறகும் வேலை இருக்கிறது

என் வலைப்பூவில் முதல் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டேன். ஓலைப் பெட்டி முடைவதைப் பற்றியது, எழுத்தும் நன்றாக இருந்தது. அடியில் ஒரு கைவினைக் கடையின் தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தேன். வெளியிட்ட அன்று அது உண்மையிலேயே கைவினைக் கடைதான். ஐந்து மாதம் கழித்து வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். 'பேத்திக்குப் பெட்டி வாங்கலாம் என்று அழுத்தினேன், சீட்டாட்டம் வருகிறதே தம்பி' என்றார். அந்த முகவரியை வேறு யாரோ வாங்கி, வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் என்னை நம்பித்தான் அழுத்தினார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் விருந்தினர் கட்டுரைகளின் பட்டியல் வைத்திருக்கிறேன்: தேதி, பெயர், இணைப்பு போகும் முகவரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பார்க்கிறேன். பத்துக் கட்டுரைக்குக் கால் மணி நேரம். பொங்கல், சித்திரை, ஆடி, ஐப்பசி என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது.

வெளியான பிறகு, 'ஒரு சிறு மாற்றம் மட்டும்' என்று இணைப்பை மாற்றச் சொல்லி வரும் மடலை முதல் மடலைப் போலவே நடத்துங்கள். மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

12. ஏற்கெனவே வெளியிட்டிருந்தால்

பதற வேண்டாம். பழைய பதிவுகளை வரிசையாகத் திறந்து, வெளித்தளங்களுக்குப் போகும் இணைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சூதாட்டம், கடன், மருந்து என்றால் அன்றே நீக்குங்கள். எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, வலைப்பூ உங்களுடையது. அவர் மிரட்டி மடல் எழுதினாலும், காசு வாங்காத கட்டுரைக்கு நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை. காசு வாங்கியிருந்தால், பேசிய காலத்தைக் கணக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் தளத்திலிருந்து இயல்பற்ற இணைப்புகள் போகின்றன என்று அறிவிப்பு இருந்தால், அந்த இணைப்புகளை நீக்கவோ நோஃபாலோ குறி இடவோ வேண்டும். எல்லாவற்றையும் சரிசெய்த பின்னரே மறுபரிசீலனை விண்ணப்பம் அனுப்புங்கள். பாதி வேலை செய்துவிட்டு அனுப்பினால் விண்ணப்பம் திரும்பிவிடும், காலம்தான் நீளும்.

கூந்தன்குளம் ஆசிரியரின் வலைப்பூவில் இப்படி ஏழு கட்டுரைகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நானும் உட்கார்ந்து ஏழையும் நீக்கினோம். விண்ணப்பத்தில் அவர் சாக்குச் சொல்லவில்லை. எந்தெந்தப் பதிவில் என்ன இருந்தது, எந்தத் தேதியில் நீக்கினோம், இனி என்ன விதி வைத்திருக்கிறோம் என்று மட்டும் எழுதினார். விதிப் பக்கத்தின் முகவரியையும் கொடுத்தார். பதில் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை புதிய விண்ணப்பம் அனுப்பாமல் காத்திருக்க வேண்டும். அவருக்கு மூன்றாவது வாரம் அறிவிப்பு நீங்கியது. நீக்கிய ஏழு கட்டுரைகளின் இடத்தில், முன்பு தன்னிடம் படித்த மாணவர்கள் குளத்துக்கு வந்து எடுத்த குறிப்புகளை இப்போது ஒவ்வொன்றாக ஏற்றி வருகிறார்.